நீர்நிலைகளில் வண்டலைத் தடுக்கும் அமைப்புகள்: இலங்கை உலர் வலயக் குளத்தொடரும் தமிழகக் குமிழித் தூம்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஓடும் நீர் மணலையும் வண்டலையும் உடன் கொண்டு வருகிறது. நீரைத் தேக்குமிடத்தில் அவையும் தேங்குகின்றன. இதனை எதிர்கொள்ளப் பண்டு தொட்டு அமைக்கப்பட்ட கட்டுமானங்களை, வண்டலை வரும் வழியிலேயே தடுப்பவை, படிய வைத்துப் பிடிப்பவை, படிந்ததை வெளியேற்றுபவை என மூவகையாகப் பகுக்கலாம். இக்கட்டுரை இம்மூவகையின் இயங்குமுறையை விளக்குகிறது. இலங்கை உலர் வலயக் குளத்தொடர், சிருங்கவேரபுரக் குளம், உரோமானியக் கால்வாய்ப் படிவுத் தொட்டிகள், இமயமலைப் புனல்மின் நிலையம் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்கிறது. அவ்விளக்கத்தின் துணையுடன், தமிழகக் குமிழித் தூம்பின் சேறோடித் துளை ஏரியைத் தானே தூர்வாரிக்கொள்ளச் செய்தது என்று பரவலாக வழங்கும் கருத்தை மதிப்பிடுகிறது. அத்துளையின் பணி தூம்பையும் சுருங்கையையும் அடைபடாமல் காப்பதே என்பதும், ஏரியின் தூரை அகற்றியது மனித உழைப்பே என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்

வண்டல், தூர், படிவுத் தொட்டி, குமிழித் தூம்பு, சேறோடித் துளை, குளத்தொடர், மணற்போக்கி, குடிமராமத்து.

முன்னுரை

தமிழர் நீர் மேலாண்மை குறித்த நூல்களிலும் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் குமிழித் தூம்பு தவறாது இடம்பெறுகிறது. ஏரியின் உட்புறம், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரு கற்றூண்களுக்கிடையே அமைந்த கல்தொட்டி அது. தொட்டியின் மேற்புறத்தில் நீரோடித் துளையும், அடிப்பகுதியில் சிறிய சேறோடித் துளைகளும் இருக்கும். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், நீரோடி வழியே நீரும் சேறோடி வழியே சேறு கலந்த நீரும் தொட்டிக்குள் இறங்கும். இரண்டும் கலந்து, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வாய்க்காலை அடையும். நீர் சுழித்துக் குமிழியிட்டு இறங்குவதைக் கொண்டு இப்பெயர் அமைந்தது என்பர்.

இவ்வமைப்பின் நுட்பம் ஐயத்திற்கு இடமற்றது. எனினும், வெளியேறுவதில் எண்பது விழுக்காடு நீர், இருபது விழுக்காடு சேறு என்றும், இதனால் ஏரி தானாகவே தூர் வாரப்பட்டது என்றும் கூறப்படுவது ஆய்ந்து ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. ஏரியே தன்னைத் தூர்வாரிக்கொண்டது எனில், ஆண்டுதோறும் ஏரி மண்ணை வெட்டிச் சுமந்தோரின் உழைப்புக்குத் தேவையே இருந்திராது. சோழர் காலக் கல்வெட்டுகளோ ஏரியில் மண் வாரிக் கரையில் இடுவதற்கான அறக்கட்டளைகளையும் அதற்கெனப் பயன்பட்ட ஓடங்களையும் குறிக்கின்றன. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? இதற்கு விடை காண, நீர் எவ்விடத்தில் வண்டலைக் கீழே விடுகிறது, எவ்விடத்தில் மீண்டும் தூக்கிச் செல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வண்டல் படியும் முறை

நீரில் மூழ்கும் துகளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. நீரின் பாகுநிலை அதைத் தடுக்கிறது. இவ்விரண்டும் சமன்படும்போது துகள் ஒரே வேகத்தில் இறங்குகிறது. நுண்துகள்களின் இவ்வேகத்தை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் வாய்பாடாக்கினார். அதன்படி, இறங்கும் வேகம் துகளின் விட்டத்தினுடைய இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும்.

இதன் விளைவைச் சில எண்களால் உணரலாம். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், 0.2 மி.மீ. விட்டமுள்ள மணல் நொடிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. இறங்கும்; 1 மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டியதில்லை. 0.02 மி.மீ. வண்டல் நொடிக்கு 0.36 மி.மீ. அளவே இறங்குவதால் அதே ஆழத்திற்கு ஏறத்தாழ 46 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். 0.002 மி.மீ. களித்துகளுக்கோ மூன்று நாள்களுக்கு மேல் தேவைப்படும். மணலைப் பிடிப்பது எளிது, வண்டலைப் பிடிக்க இடம் வேண்டும், களியைப் பிடிக்கக் காலம் வேண்டும் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

அடுத்த படிநிலையை 1904இல் ஆலன் ஹேசன் விளக்கினார். ஒரு தொட்டிக்குள் நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது எனக் கொள்வோம். அது கடந்து செல்லும் காலத்திற்குள் அடியைத் தொட்டுவிடும் துகள் பிடிபடும். தொடாத துகள் தப்பிவிடும். தொட்டியை ஆழமாக்கினால் நீர் தங்கும் காலம் கூடுகிறது; ஆனால் துகள் இறங்க வேண்டிய தொலைவும் அதே அளவு கூடிவிடுகிறது. எனவே ஆழத்தால் பயனில்லை. ஒரு நொடிக்கு வரும் நீரின் அளவைத் தொட்டியின் மேற்பரப்பால் வகுத்தால் கிடைக்கும் வேகமே எல்லை. அதைவிட விரைவாக இறங்கும் துகள்கள் அனைத்தும் பிடிபடும்.

ஆழத்திற்கு வேறு இரு பணிகள் உள்ளன. பிடித்த வண்டலைச் சேர்த்து வைக்க அது இடம் தருகிறது. நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்து, படிந்தது மீண்டும் கிளம்பாமலும் காக்கிறது. படிவு உயர உயர இவ்விரு பணிகளும் நலிகின்றன. நிரம்பிய தொட்டி வெறும் வழித்தடமாகிவிடுகிறது. எனவே தூய்மை செய்யப்படாத வண்டல் தடுப்பமைப்பு, தடுப்பமைப்பே அன்று.

இலங்கை உலர் வலயக் குளத்தொடர்

இலங்கையின் உலர் வலயத்தில் சிறு குளங்கள் தனித்தனியே அமையவில்லை. ஒரே சிற்றோடைப் பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக அவை தொடர்ந்து அமைந்துள்ளன. மேற்குளத்தின் மிகைநீரும் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்தை அடைகின்றன. சிங்களத்தில் எல்லங்காவ எனப்படும் இவ்வமைப்பை 1985இல் சி.எம். மத்தும பண்டார குளத்தொடர் என்ற கருத்தாக்கத்தின்வழி விளக்கினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமை அமைப்பாக ஏற்றது.

வண்டலைப் பொறுத்தவரை, இவ்வமைப்பின் சிறப்பு குளத்திற்கு வெளியே உள்ளது. நீர் குளத்தை அடையுமுன் அது கடக்க வேண்டிய படிநிலைகள் பல.

முதலாவது, இஸ்வெட்டிய அல்லது பொட்டவெட்டிய எனப்படும் மண்வரம்பு. மேட்டு நிலச் சரிவிலிருந்து அரித்து வரும் மண் நேரே குளத்தில் இறங்காதவாறு இது பக்கவாட்டில் மறிக்கிறது. இரண்டாவது, கொடவல எனும் குழி. ஓடைநீர் இதில் தங்கிச் செல்கையில் பருமணல் படிந்துவிடுகிறது. காட்டு விலங்குகளுக்கு நீர் கிடைப்பது உடன்விளைவு. மூன்றாவது, குளத்தின் மேற்புற விளிம்பில் உள்ள கஸ்கொம்மன என்னும் மரத்தொகுதியும் அதனை அடுத்த பெரஹன என்னும் புல்வெளியும் ஆகும். பெரஹன என்ற சிங்களச் சொல்லுக்கு வடிகட்டி என்பது பொருள். புல்லின் தண்டுகளுக்கிடையே நீர் மெல்லிய படலமாகப் பரந்து செல்வதால் வேகம் குறைகிறது, பரப்பு கூடுகிறது. ஹேசன் விளக்கிய நிலை கட்டுமானம் ஏதுமின்றியே அங்கு அமைந்துவிடுகிறது.

நான்காவதான குளு வெவ தனிக்கவனத்திற்குரியது. பெரிய நீர்த்தேக்கத்திற்கு மேலே, பாசனத்திற்கென அன்றி வண்டலைப் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட சிறு குளம் இது. இதிலிருந்து வயலுக்கு வாய்க்கால் செல்வதில்லை. கால்நடைகளும் விலங்குகளும் நீர் அருந்தும். ஒரு குளத்தின் கொள்ளளவைக் காப்பதற்காக மற்றொரு குளத்தை விட்டுக்கொடுக்கும் இம்முடிவு, வண்டலின் இயல்பை நன்கு அறிந்தோரின் முடிவாகும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் பரப்புள்ள குளு வெவவில் நொடிக்கு 2 கனமீட்டர் வெள்ளம் நுழைகிறது எனக் கொண்டால், எல்லை வேகம் நொடிக்கு 0.2 மி.மீ. ஆகும். கொந்தளிப்பற்ற நிலையில் 0.015 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்கள் அனைத்தும் அதில் படிந்துவிடும். அதாவது மணல் முழுவதும், வண்டலில் பெரும்பகுதியும் பெருங்குளத்தை எட்டுவதில்லை. மேலும், சிறு குளத்தைத் தூர்வாருவது ஓரூரார் ஒரு கோடையில் செய்து முடிக்கக்கூடிய வேலை; பெருங்குளத்தின் பரந்த தரையெங்கும் மெல்லிய படலமாய்ப் பரவிய வண்டலை வாருவது அவ்வாறன்று. வண்டலை ஓரிடத்தில் குவியச் செய்தலே இவ்வமைப்பின் உண்மையான ஆதாயம்.

சிருங்கவேரபுரமும் உரோமும்

இதே கருத்து வேறிடங்களிலும் தனித்துத் தோன்றியுள்ளது. உத்தரப்பிரதேசத்தில், பிரயாக்ராஜுக்கு அண்மையில் கங்கைக் கரையில் உள்ள சிருங்கவேரபுரத்தில், பி.பி. லால் தலைமையிலான அகழாய்வு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையான செங்கற்குளத் தொகுதியை வெளிப்படுத்தியது. மழைக்காலத்தில் கங்கை பெருகும்போது மிகைநீர் ஓர் ஓடையில் ஏறும். அங்கிருந்து 11 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் கொண்ட கால்வாய் வழியே அது முதலில் வண்டல் படியும் அறைக்குள் செலுத்தப்பட்டது. அங்குத் தெளிந்த நீரே முதற்குளத்திற்கும், அதிலிருந்து முதன்மைக் குளத்திற்கும், இறுதியாக வட்டக் குளத்திற்கும் சென்றது. எஞ்சிய நீர் கலிங்கு வழியாக மீண்டும் கங்கையில் கலந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நீர் முன்னைவிடத் தெளிவடைந்தது.

உரோம நகரின் நீர்க்கால்வாய்களைப் பற்றி, கி.பி. 97இல் அவற்றின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஃபிராண்டினஸ் தாமே எழுதிய நூல் கிடைக்கிறது. ஊற்றுகளிலிருந்து வந்த கால்வாய்களைவிட, ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட அனியோ நோவஸ் கால்வாய் கலங்கலாக இருந்தது. கி.பி. 52இல் நிறைவுற்ற இக்கால்வாயின் தொடக்கத்தில், ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே, இலத்தீனில் பிசினா லிமாரியா எனப்பட்ட சேறு படியும் தொட்டி கட்டப்பட்டது. எனினும், மழை பெய்தபோதெல்லாம் நீர் கலங்கியே நகரை அடைந்தது என்று ஃபிராண்டினஸ் குறிப்பிடுகிறார். இதன் காரணம் முன்பகுதியில் கூறப்பட்ட எண்களிலேயே உள்ளது. ஆற்றோரத் தொட்டி மணலைப் பிடித்தது. களியைப் பிடிக்கத் தேவையான நாள்கணக்கான தேக்கத்தை அதனால் தர இயலவில்லை. ஆற்றில் முன்னரே இருந்த ஏரியிலிருந்து நீரை எடுக்க டிராஜன் பின்னர் திட்டமிட்டார். ஏரியின் பரந்த மேற்பரப்பு தொட்டியால் இயலாததைச் செய்தது.

தற்காலத்தில் இதே சிக்கல் புனல்மின் நிலையங்களில் எழுகிறது. இமாச்சலப்பிரதேசத்தில் சட்லஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி மின்நிலையம் 1500 மெகாவாட் திறனுடையது. அதன் சுழலிகளைக் குவார்ட்சு மணல் தேய்த்துவிடாமல் காக்க, மலைக்குள் நான்கு படிவு அறைகள் குடையப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 525 மீட்டர் நீளம், 16.31 மீட்டர் அகலம், 27.5 மீட்டர் ஆழம் கொண்டது. நான்கின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 34,250 சதுர மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 400 கனமீட்டர் நீர் செல்கிறது எனக் கொண்டால், எல்லை வேகம் நொடிக்கு 1.2 செ.மீ. அளவாகும். 0.2 மி.மீ. மணல் அதைவிட விரைந்து இறங்குவதால் பிடிபடுகிறது; அந்த அளவையே வடிவமைப்பாளரும் இலக்காகக் கொண்டனர். அதனினும் நுண்ணிய துகள்கள் தப்பிச் சென்று சுழலியைத் தேய்க்கின்றன. பிடிபட்ட மணல் அறையின் அடியிலுள்ள துளைகள் வழியே, நீரின் ஒரு பகுதியைச் செலவிட்டு, இடையறாது வெளியேற்றப்படுகிறது.

கருவிகள் மாறினும் மூன்று இடங்களிலும் ஒரே விதி செயற்படுகிறது. நீரை மெதுவாக்குதல், பரப்பைக் கூட்டுதல், பிடித்ததை அகற்றுதல் என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அமைப்பு பயன்தராது.

ஏரியே பெரும் வண்டற்பொறி

இவ்விதியைத் தமிழக ஏரிக்குப் பொருத்துவோம். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரிக்கு நொடிக்கு 10 கனமீட்டர் வெள்ளம் வருகிறது எனக் கொள்வோம். எல்லை வேகம் நொடிக்கு 0.025 மி.மீ. ஆகிறது. 0.005 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்கள் அனைத்தும் ஏரிக்குள்ளேயே படிந்துவிடும். எந்தத் தொட்டியையும்விட ஏரியே சிறந்த வண்டற்பொறி.

நீர்த்தேக்கங்களின் அளவீடுகளைத் தொகுத்து 1953இல் குன்னர் புரூன் வரைந்த வளைவும் இதனையே காட்டுகிறது. ஆண்டு வரத்தில் பத்திலொரு பங்கு கொள்ளளவே உடைய தேக்கம்கூட, வரும் வண்டலில் 85 விழுக்காட்டளவில் பிடித்துவிடுகிறது. ஆண்டு வரத்திற்கு இணையான கொள்ளளவு இருப்பின் ஏறத்தாழ முழுவதையும் பிடித்துவிடுகிறது. தொடர் ஏரிகளில் மேலுள்ள ஏரி இவ்வாறு கீழுள்ள ஏரியைக் காக்கிறது. மேலேரி தூர்ந்தால் அதன் விளைவைக் கீழேரியும் ஏற்க நேரும்.

சேறோடித் துளையின் எல்லை

படிந்த வண்டலைச் சேறோடித் துளை எவ்வளவு தொலைவிலிருந்து இழுக்கக்கூடும்? துளைக்குள் நீர் மிக விரைவாகப் பாய்கிறது. ஆனால் துளையை விட்டு விலக விலக, அதே அளவு நீர் மேலும் மேலும் பரந்த பரப்பின் வழியே வந்தாக வேண்டும். எனவே வேகம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். துளையின் விட்டம் 15 செ.மீ., அதன் மேல் நிற்கும் நீர் 3 மீட்டர் எனக் கொள்வோம். நீர் நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் வேகத்தில் பாயும். துளையில் ஓட்டம் சுருங்குவதைக் கழித்தால், வெளியேற்றம் நொடிக்கு ஏறத்தாழ 81 லிட்டர். துளை தரையை ஒட்டித் தொட்டியின் பக்கச் சுவரில் உள்ளதால், நீர் கால்கோள வடிவிலான பரப்பின் வழியே அதனை அணுகும். 1 மீட்டர் தொலைவில் வேகம் நொடிக்கு 2.6 செ.மீ. மட்டுமே. படிந்த நுண்மணலைக் கிளப்புவதற்கே நொடிக்கு 20 முதல் 30 செ.மீ. வரை வேகம் வேண்டும். இறுகிய களிக்கு இன்னும் பன்மடங்கு வேண்டும். நொடிக்கு 30 செ.மீ. வேகம் கிடைப்பது துளையிலிருந்து 30 செ.மீ. தொலைவு வரை மட்டுமே. மூன்று துளைகள் அருகருகே இருப்பினும் அத்தொலைவு அரை மீட்டரைத் தாண்டாது.

தளர்ந்த படிவு சரிந்து விழுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1 மீட்டர் தடிப்புள்ள படிவில் துளையைச் சுற்றிப் புனல் வடிவக் குழி ஒன்று தோன்றும். அதன் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 4 கனமீட்டர். 40 ஹெக்டேர் ஏரியில் 1 செ.மீ. வண்டல் படிந்தால் அதன் அளவு 4000 கனமீட்டர். ஒன்றுக்கு ஆயிரம் என்ற இவ்வேறுபாடு, துளையின் அளவைச் சற்று மாற்றுவதால் மறைந்துவிடக்கூடியதன்று.

அவ்வாறாயின் சேறோடி பயனற்றதா? அன்று. அதன் பணிகள் மூன்று. முதலாவது, தொட்டியைச் சுற்றிலும் சுருங்கையின் வாயிலும் வண்டல் அடையாமல் காத்தல். கரைக்கு அடியிலுள்ள கற்சுருங்கை அடைபட்டால் கரையை உடைத்தே சீர்செய்ய வேண்டும். ஆகவே ஏரியின் உயிர்நிலை அதுவே. அரை மீட்டர் எல்லைக்குள் வேலை செய்யும் துளை, தேவைப்படும் இடத்தில்தான் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, புதுவெள்ளம் வந்துசேரும் நாள்களில், இன்னும் படியாது மிதக்கும் நுண்வண்டலை அடிநீரோடு வயலுக்குக் கொண்டுசெல்லுதல். சேறு மிகுந்த நீர் கனமானதாகையால் ஏரியின் அடியை ஒட்டித் தூம்பு வரை ஊர்ந்து வருதலும் கூடும். அந்நாள்களில் தூம்பு திறந்திருப்பின் குறிப்பிடத்தக்க அளவு வண்டல் வெளியேறும். ஆனால் 0.02 மி.மீ. வண்டல் 3 மீட்டர் ஆழத்தைக் கடக்க இரண்டரை மணிநேரம்கூடத் தேவைப்படாது என்பதால் இவ்வாய்ப்பு நீடிப்பதில்லை. மூன்றாவது, ஏரி வற்றும் நிலையில் எஞ்சிய கலங்கல்நீரை வடித்தல்.

எண்பதுக்கு இருபது என்ற விகிதத்தையும் இவ்வகையில் அணுகுதல் தகும். நீரோடி, சேறோடி ஆகிய துளைகளின் பரப்புகளையும் அவற்றின் மேல் நிற்கும் நீரின் உயரத்தையும் பொறுத்து, மொத்த வெளியேற்றத்தில் சேறோடியின் பங்கு ஐந்திலொன்றாக அமையலாம். ஆனால் சேறோடி வழியே வருவது முழுவதும் சேறு என்று கொள்வதற்கு அதனால் இடமில்லை. துளையின் பெயர் அதன் நோக்கத்தைக் குறிப்பது. வெளியேறும் பொருளின் அளவைக் குறிப்பதன்று.

மணற்போக்கி எவ்வாறு வேறுபடுகிறது

கீழ்மட்டத் துளையால் படிவை வெளியேற்றவே இயலாதா என்ற வினா எழலாம். ஆற்றுக்குக் குறுக்கே உள்ள அணைக்கட்டில் அது இயலும். அங்கு மணற்போக்கியின் வாய்கள் ஆற்றுப்படுகையின் மட்டத்திலேயே அமைகின்றன. வெள்ளக்காலத்தில் அவற்றைத் திறந்தால் தேக்கம் தாழ்ந்து, நீர் மீண்டும் ஆறாகவே ஓடுகிறது. குறுகிய தடத்தின் முழுக் குறுக்குவெட்டிலும் வேகம் உயர்வதால் மணல் நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காவிரிப் படுகை மேடிட்டு நீர் கொள்ளிடத்தின் பக்கம் விலகியபோது, ஆர்தர் காட்டன் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்ததும், 1836இல் மேலணையைக் கட்டியதும் இச்சிக்கலை எதிர்கொள்ளவே.

ஏரி இதற்கு நேர்மாறானது. அது அகன்றது, ஆழம் குறைந்தது, நீரைச் சேமிப்பதே அதன் நோக்கம். வண்டலை அடித்துச் செல்லும் வேகத்தைப் பெற வேண்டுமெனில் சேமித்த நீர் முழுவதையும் இழக்க வேண்டும். அப்போதும் தூம்பை நோக்கி ஒரு சிறு ஓடை மட்டுமே அரிக்கப்படும். இருபுறத்துப் படிவும் அவ்வாறே நிற்கும்.

தூர்வாரலும் அதற்குரிய நிறுவனங்களும்

ஆகவே ஏரியின் கொள்ளளவு கைகளால் காக்கப்பட்டது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தை ஊராட்சியின் உறுப்பாகக் காட்டுகின்றன. ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தமை, அதன் பராமரிப்பு ஆண்டுதோறும் தொடர்ந்து செய்ய வேண்டிய பணியாக இருந்ததைப் புலப்படுத்துகிறது. பிற்காலத்தில் இவ்வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. 1858இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் அதனை வற்புறுத்தியது. தானாக நிகழ்ந்து வந்த பணிக்குச் சட்டம் தேவைப்பட்டதே அமைப்பு நலிந்ததற்குச் சான்றாகும். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் மராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது.

வாரிய மண் வீணாகவில்லை என்பதும் கருதத்தக்கது. நுண்வண்டலான கரம்பை வயலுக்கு எருவாயிற்று. களி குயவருக்கும் செங்கல் அறுப்போருக்கும் பயன்பட்டது. எஞ்சியது கரையை உயர்த்தியது. பயன் இருந்தமையால் தூர்வாரல் தொடர்ந்தது. வேதியுரம் வந்து கரம்பையின் தேவை குறைந்ததும் அவ்வூக்கமும் குறைந்தது.

தூர்வாருவதிலும் எல்லை உண்டு. தூம்பின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டப்படும் குழிகளில் நிற்கும் நீர் பாசனத்திற்கு வராது. கால்நடைக்கும் நிலத்தடி நீர் ஊறலுக்கும் அது உதவலாம். ஏரியின் பாசனக் கொள்ளளவு கூடியதாக அதனைக் கணக்கிடுதல் பொருந்தாது.

கலைச்சொற்கள் குறித்து

தமிழில் இவ்வமைப்புகள் அனைத்தையும் பொதுவாக வண்டல் அகற்றிகள் என்று குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. செயல்பாட்டைக் கொண்டு மூன்று சொற்களைப் பிரித்து ஆளலாம். வரும் வழியில் மறிக்கும் வரம்பு, புல்வெளி முதலியவற்றை வண்டல் தடுப்பு என்றும், நீரை நிறுத்திப் பிடிக்கும் தொட்டி, குழி, குளு வெவ முதலியவற்றைப் படிவுத் தொட்டி அல்லது வண்டற்பொறி என்றும், படிந்ததை நீரோட்டத்தால் வெளித்தள்ளும் வாயைப் போக்கி என்றும் வழங்கலாம். மணற்போக்கி என்ற சொல் பொதுப்பணித் துறை வழக்கில் ஏற்கெனவே இப்பொருளில் உள்ளது. சேறோடி இம்மூன்றில் போக்கி வகையைச் சாரும். ஆனால் அது காப்பது தூம்பை, ஏரியை அன்று.

முடிவுரை

இவ்விளக்கத்திலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. வண்டலைப் பிடிக்கும் ஆற்றலை மேற்பரப்பு நிர்ணயிக்கிறது. ஆழம் அதனைச் சேர்த்து வைக்கிறது. ஏரி தானே ஒரு வண்டற்பொறியாகையால், அதனைக் காக்கும் தடுப்புகள் ஏரிக்கு மேலே, வரத்துக்காலில் அமைதல் வேண்டும்; இலங்கைக் குளத்தொடர் இதற்கு முழுமையான முன்மாதிரி. குமிழித் தூம்பின் சேறோடித் துளை சுருங்கையைக் காக்கும் நுட்பமான உறுப்பு. அது ஏரியைத் தூர்வாரியது என்று கூறுவது அதன் உண்மைப் பணியை மறைப்பதோடு, மண் சுமந்தோரின் உழைப்பையும் வரலாற்றிலிருந்து நீக்கிவிடுகிறது.

இதன் நடைமுறை விளைவும் உண்டு. தூம்பைப் பழுதுபார்த்தால் ஏரி தானே தூய்மையாகும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் சீரமைப்பு சில ஆண்டுகளில் பொய்த்துவிடும். வரத்துக்காலின் தலைப்பில் சிறு படிவுக் குழியும் புல்வெளியும் அமைத்து, அவற்றை ஆண்டுதோறும் வாருவது குறைந்த செலவில் நிலைத்த பயன் தரும்.

களஆய்வு மேற்கொள்வோர் தூம்புகளின் கல்வெட்டையும் காலத்தையும் பதிவு செய்வதோடு அமையாது, துளைகளின் விட்டம், ஏரித்தரையிலிருந்து அவற்றின் உயரம், சுருங்கையின் சரிவு, தூம்பைச் சுற்றிய படிவின் தடிப்பு ஆகியவற்றையும் அளந்து பதிதல் வேண்டும். வரத்துக்கால்களின் தலைப்பில் பழைய குழிகளோ சிறு குளங்களோ உள்ளனவா என்பதையும் தேடுதல் வேண்டும். இவ்வளவுகள் ஒவ்வோர் ஏரிக்கும் கிடைக்குமாயின், இங்கு எடுத்துக்காட்டாகச் செய்த கணக்கை மெய்யான அளவுகளைக் கொண்டு மீண்டும் செய்து, இம்முடிபுகளை உறுதிப்படுத்தவோ திருத்தவோ இயலும்.